போக்கிய வீட்டில் ஒரு பேய்: வடசென்னையில் நகைச்சுவைக் குறும்படம் எழுதுவது எப்படி?

பேய் நகைச்சுவைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பாழடைந்த பங்களாவைத்தான். 2005இல் வந்த ‘சந்திரமுகி’க்கு அரண்மனை தேவைப்பட்டது; பத்து நிமிடக் குறும்படத்துக்கு அது தேவையில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஆளில்லாத அறை ஒன்று கிடைப்பதே அரிது என்பதால், பொதுக் குழாயும் பொது மாடிப்படியும் உள்ள ஒண்டுக்குடித்தன வீட்டிலேயே கதையைத் தொடங்கிவிடலாம். ஆனால் எழுத உட்காரும் முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: வீட்டில் பேய் இருப்பது தெரிந்த பிறகும் அந்தக் குடும்பம் ஏன் காலி செய்யவில்லை?

இந்த வகைப் படங்களின் சிரிப்பு பெரும்பாலும் இந்த விடையிலிருந்தே பிறக்கிறது. ‘யாமிருக்க பயமே’ (2014) படத்தின் நாயகன் பரம்பரைச் சொத்தை விடுதியாக்கிப் பிழைக்கப் பார்க்கிறான். ‘பெட்ரோமாக்ஸ்’ (2019) படத்தில், வீட்டில் பேயில்லை என்று காட்டுவதற்காகப் பணம் பெற்றுக்கொண்டு சிலர் அங்கே தங்குகிறார்கள். வடசென்னையில் இவற்றைவிட வலுவான காரணம் கையருகே இருக்கிறது. நகையை விற்றும் கடன் வாங்கியும் சேர்த்த சில லட்சங்களை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருக்கும் போக்கிய முறைதான் அது. காலக்கெடு முடிந்தால் முழுப்பணமும் திரும்ப வர வேண்டும், ஆனால் வீட்டுக்காரர் அதை எப்போதோ செலவழித்திருப்பார். அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் இவர்களுக்குக் கிடைக்கும். பேய் இருப்பது வெளியே தெரிந்தால் அடுத்த ஆள் எப்படி வருவார்? ஆகவே குடும்பம் பேய்க்குப் பயந்துகொண்டே, பேயே இல்லை என்று தெருவுக்குச் சத்தியமும் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த இக்கட்டைச் சரியாக அமைத்துவிட்டால் பாதி நகைச்சுவை தானாக வந்துவிடும்.

அடுத்து, பேய்க்கு ஒரு நியாயமான கோரிக்கையைக் கொடுங்கள். ‘காஞ்சனா’வில் (2011) சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரம் மனதில் நிற்பதற்குக் காரணம், அவருக்கு நேர்ந்த அநீதி கேலியின்றிச் சொல்லப்படுவதுதான். நம் கதையில், முன்பு அதே வீட்டில் போக்கியத்துக்கு இருந்து, பணம் திரும்பக் கிடைக்காமலேயே இறந்தவரைப் பேயாக்கலாம். அவர் வீட்டை விட்டுப் போகாததற்கும் குடும்பம் போகாததற்கும் காரணம் ஒன்றே என்பதை ஏழாவது நிமிடத்துக்கு முன் வெளியிட வேண்டாம். பேய் ஒருபோதும் நகைச்சுவை பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து; அது தன் கணக்கில் கண்டிப்பாக இருக்கட்டும், தடுமாறுவது மனிதர்களின் வேலை. யார் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பொருளைத் தொட முடியும் என்ற விதிகளை ஒரு தாளில் எழுதிவைத்து, கடைசிவரை மீறாதிருங்கள்.

பயமுறுத்தும் காட்சிகளுக்கு ஒப்பனையையோ கணினி வரைகலையையோ நம்ப வேண்டியதில்லை. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் கதை சொல்ல, பாலையா கேட்டு நடுங்கும் காட்சியில் பேய் திரைக்கே வருவதில்லை, குரலால் எழுப்பும் ஓசைகளும் கேட்பவரின் முகமும் போதுமானவையாக இருக்கின்றன. கேமராவைப் பயப்படுகிறவர் முகத்திலேயே அவசரப்படாமல் நிறுத்தி வையுங்கள்.

ஓசையில் இந்தப் பகுதிக்கு ஒரு தனி வசதி உண்டு. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும் கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில்களும் இரவிலும் ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில், நாய் ஊளையிடுவதற்கு யாரும் அஞ்சப்போவதில்லை. முதல் இரண்டு நிமிடங்கள் அந்த இரைச்சலை விடாமல் ஓடவிட்டு, பேய் வரும் நொடியில் மொத்தமாக நிறுத்துங்கள். அந்த அமைதியில் கீழே அடிபம்பு மட்டும் தானாக அடித்துக்கொள்ளும் ஓசை கேட்கட்டும். குடும்பம் உறைந்து நிற்கும்போது, பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, “யக்கா, தண்ணி வந்துடுச்சா?” என்று குடத்தோடு ஒரு பெண் ஓடிவந்தால், பயமும் சிரிப்பும் ஒரே காட்சியில் அடங்கிவிடும்.

இறந்தவர் யார் என்பதைச் சொல்ல நீண்ட பின்கதை வேண்டாம். சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி போதும். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடி, அழுகைக்கு நடுவே இறந்தவரின் குறும்புகளையும் நினைவுகூர்ந்து சிரிக்கும் வழக்கம் உள்ள ஊர் இது என்பதால், அவருடைய குணத்தை இரண்டு வரிக் கானாவிலேயே காட்டிவிடலாம். பாடலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சுவரொட்டிக்கு நடிகரின் படத்தையே அவர் சம்மதத்தோடு அச்சிடுங்கள். ஒட்டுவதற்கு முன் அவருடைய அம்மாவிடம் சொல்லிவிடுவது மிக முக்கியம்.

பேயோட்டும் காட்சியை எழுதுவதில் கவனம் வேண்டும். இங்கே எந்த மதத்தவரானாலும் குழந்தை பயந்துவிட்டால் பள்ளிவாசல் வாசலில் நின்று ஓதி ஊதச் சொல்வார்கள், தேவாலயத்தில் ஜெபம் கேட்பார்கள், அம்மன் கோயிலில் வேப்பிலை அடிப்பார்கள். இவற்றை நையாண்டி செய்யாமல், ஆளுக்கொரு யோசனை சொல்லும் அண்டை வீட்டாரையும், யாருக்கும் உண்மையைச் சொல்ல முடியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் குடும்பத் தலைவரையும் சிரிப்புக்கு உரியவர்களாக்குங்கள். வட்டார வழக்கையே நகைச்சுவையாக நினைத்து எழுதுவதும் சோம்பேறித்தனம். அந்தப் பேச்சு பாத்திரங்களின் இயல்பாக இருக்க வேண்டும்.

முடிவில் பேயை விரட்டும் சண்டையைத் தவிர்த்துவிட்டு, குடும்பமும் பேயும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் பணம் கேட்கப் போகும் காட்சியை எழுதுங்கள். படப்பிடிப்புக்கு முன், எழுதியதை அதே போன்ற குடியிருப்பில் வசிக்கும் நான்கைந்து பேருக்கு உரக்கப் படித்துக்காட்டுவது அவசியம். போக்கியப் பணத்தைப் பற்றிய வசனங்களில் அவர்கள் சிரிக்காவிட்டால் அந்தப் பகுதியை மாற்றி எழுதுங்கள். பேய் வரும் இடத்தில் சிரிக்காவிட்டால் ஒன்றும் மாற்ற வேண்டாம்.