ஜிசியில் பீக் வால் இழுக்கிறதா? முதலில் சால்வென்ட் பீக்கைப் பாருங்கள்

ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி) கருவி ஒரு கலவையின் சேர்மங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு பீக்காக, அதாவது மேடாகக் காட்டும். நல்ல பீக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து இறங்கும். பின்பக்கம் வால்போல் நீண்டால் டெயிலிங். முன்பக்கம் மெதுவாக ஏறிச் சட்டென்று விழுந்தால் ஃப்ரன்டிங். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை, வாலைப் பார்த்ததும் புது கேப்பிலரியே (சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாய்) போட்டேன். வால் போகவில்லை. லைனரை (இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) மாற்றிய பிறகுதான் போனது. (லேபில் இதைக் காலம் (column) என்போம்; எழுத்தில் நேரத்தோடு குழம்பும் என்பதால் இங்கே கேப்பிலரி.)

படி 1: ஸ்பேனரைத் தொடாமல் பாருங்கள்

குரோமட்டோகிராமை (ஜிசி தரும் பீக் வரைபடம்) பெரிதாக்குங்கள். சால்வென்ட் (மாதிரியைக் கரைத்த கரைப்பான்) உட்பட எல்லா பீக்கும் வால் இழுக்கிறதா, இல்லை ஆல்கஹால், அமீன், அமிலம் மட்டுமா? பாதி விடை இதிலேயே இருக்கிறது. எல்லாமே இழுத்தால் வாயு போகும் பாதையைச் சந்தேகப்படுங்கள்: கசிவு, கோணலான வெட்டு, கேப்பிலரி தவறான ஆழத்தில் நிற்பது. ஆல்கஹால், அமீன், அமிலம் போன்ற போலார் சேர்மங்கள் மட்டும் இழுத்தால், அவை எங்கோ ஒட்டி ஒட்டி நகர்கின்றன. லைனர் கண்ணாடியில் பூச்சு போன இடங்களில் வெளிப்படும் சிலனால் (Si–OH) தொகுதிகளும், அங்கே படிந்த அழுக்கும்தான் வழக்கமான காரணம்.

டெயிலிங் ஃபேக்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். பீக்கின் 5% உயரத்தில் முழு அகலத்தை, முன்பாதி அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 1 என்றால் சமச்சீர்.

படி 2: இன்லெட் (மாதிரியைச் செலுத்தும் வாய்)

ஓவனையும் (கேப்பிலரி இருக்கும் சூடுபெட்டி) இன்லெட்டையும் ஆறவிட்டு, வாயு அழுத்தத்தை இறக்குங்கள். செப்டம் (ஊசி துளைத்துச் செல்லும் ரப்பர் மூடி), டீஆக்டிவேட் செய்த (சேர்மங்கள் ஒட்டாதபடி பதப்படுத்திய) புது லைனர், ஓ-ரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றலாம். பழைய லைனரை வெளிச்சத்தில் பாருங்கள்: செப்டம் துணுக்கும் பழுப்புக் கறையும் தெரியும். அதே ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த சோதனைக் கரைசல்) மறுபடி இன்ஜெக்ட் செய்யுங்கள். விடை தெரியும்வரை கேப்பிலரியைத் தொடாதீர்கள். எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

படி 3: கேப்பிலரியை வெட்டுதல்

வால் இன்னும் இருந்தால் இன்லெட் பக்கம் 10 முதல் 20 செ.மீ. வெட்டுங்கள். 30 மீட்டரில் இது பெரிய இழப்பில்லை. ரிடென்ஷன் டைம் (பீக் வெளிவரும் நேரம்) கொஞ்சம் முன்னால் வரும், அவ்வளவுதான். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். நட், ஃபெரூல் (நட்டுக்குள் இறுகும் கிராஃபைட் வளையம்) இரண்டையும் முதலில் கோத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்; இல்லாவிட்டால் கிராஃபைட் துகள் உள்ளே போகும். செராமிக் வேஃபரால் லேசாக ஒரே கீறல், மெல்ல ஒடிக்க வேண்டும். லென்ஸில் பார்த்து, முனை நேராக இல்லையென்றால் மறுபடி வெட்டுங்கள். ஐசோபுரோப்பனாலால் துடைத்து, உங்கள் கருவியின் கையேடு சொல்லும் ஆழத்தில் பொருத்துங்கள்.

கசிவு பார்க்க சோப்பு நீர் வேண்டாம், உள்ளே போய்விடும். மின்னணு லீக் டிடெக்டர் நல்லது. சூடாக்கும் முன் கேரியர் வாயுவை (மாதிரியைச் சுமந்து செல்லும் வாயு) பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டில் ஆக்சிஜன் உள்ளே இருந்தால் உட்பூச்சைக் கெடுத்துவிடும்.

ஃப்ரன்டிங் என்றால்

பெரும்பாலும் அதிகச் சுமைதான். 0.25 மி.மீ. விட்டம், 0.25 மைக்ரான் பூச்சுள்ள கேப்பிலரி ஒரு சேர்மத்துக்கு ஏறக்குறைய 100 நானோகிராம்வரை தாங்கும். 1 மி.கி./மி.லி. கரைசலில் 1 மைக்ரோலிட்டர் என்றால் 1000 நானோகிராம். பெரும்பகுதியை வெளியேற்றிவிடும் 50:1 ஸ்ப்ளிட்டில் சுமார் 20 தான் உள்ளே போகும். அப்படி வெளியேற்றாத ஸ்ப்ளிட்லெஸ்ஸில் ஏறக்குறைய முழுவதும். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். முன்பக்கம் நிமிர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

பீக் இரண்டாகப் பிளந்தால்

ஓவனின் தொடக்க வெப்பநிலையைப் பாருங்கள். ஸ்ப்ளிட்லெஸ்ஸில் அது சால்வென்ட்டின் கொதிநிலையைவிட 10–20 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். ஹெக்ஸேன் 69 டிகிரியில் கொதிக்கும். 50 டிகிரியில் தொடங்கலாம்.

இவ்வளவும் செய்தபின் அமீன் மட்டும் வால் இழுத்தால், அப்போதுதான் அமீன்களுக்கென்றே தயாரித்த கேப்பிலரிக்குப் பணம் கேளுங்கள்.