பழைய மலைக்காட்டு வரைபடத்தில் சறுக்கும் இடங்கள்

வடசென்னையில் வளர்ந்த எனக்கு ஏற்றம் என்றால் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான். அதனாலோ என்னவோ, பொதிகை மலைக்காட்டின் பழைய டோப்போ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம் காட்டும் நில அளவை வரைபடத்தை, முதன்முதலில் விரித்தபோது எல்லாத் தவறையும் வரிசையாகச் செய்தேன்.

ஆரம்பமே ஜெராக்ஸ் கடையில். 1 அங்குலத்துக்கு 1 மைல், அதாவது 1:63,360 அளவுத் தாள். ஏ3-க்குள் அடங்கட்டும் என்று கடைக்காரர் சுருக்கிக் கொடுத்துவிட்டார். நான் வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தேன். எல்லாத் தூரமும் குறைவாக வந்தது. எண்ணில் எழுதிய அளவு, தாள் சுருங்கினால் பொய்யாகிவிடும். அடியில் கோடாக வரைந்த அளவுகோல் தாளோடு சேர்ந்தே சுருங்கும், அதைத்தான் நம்பவேண்டும். வளைந்து போகும் பாதைக்குத் தையல் நூலை நனைத்து அதன்மேல் படியவைத்து, அப்புறம் நீட்டி அந்த அளவுகோலில் பாருங்கள். அப்போதும் கிடைப்பது தரைமட்டத் தூரம்தான், ஏற்ற இறக்கம் அதில் சேராது.

உயரம் அடிக்கணக்கில் இருக்கும், மீட்டரில் அல்ல. 1,868 மீட்டர் அகத்தியமலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் என்று பார்த்து மலைக்காதீர்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 100 அடி என்றால், நடுவில் 50 அடிப் பாறை செங்குத்தாக நின்றாலும் தாளில் தெரியாமல் போகலாம்.

கறுப்புக் கோட்டில் இருக்கும் ஓடையைப் பாதை என்று நினைத்தேன். நீலம் நீர் உள்ளது, கறுப்பு வறண்டது. மழைக்காலத்தில் அந்தக் கறுப்பும் பாயும்.

அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. ஓரக்குறிப்பில் அளவெடுத்த ஆண்டு தனியாக இருக்கும், அது பல வருடம் முந்தியது. காரையாறு அணை வந்தது 1940களில். அதற்கு முன் அளந்த தாளில் அந்த இடத்தில் நீர்த்தேக்கமே இராது.

19ஆம் நூற்றாண்டுத் தாள் என்றால் தீர்க்கரேகையை அப்படியே போனில் போடாதீர்கள். அப்போதைய கணக்குக்கு ஆதாரம் நுங்கம்பாக்கத்து மதராஸ் வானாய்வு நிலையம். அந்த நிலையமே சுமார் இரண்டரை நிமிடம் (ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம்) கிழக்கே தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. நம் பக்கத்தில் அது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர். கேரளச் சரிவில் தேடவேண்டிய ஓடைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் போய் நிற்பீர்கள்.

பெயர்கள்தான் பெரிய வம்பு. ஆங்கில எழுத்தில் கல்லாறும் கள்ளாறும் ஒன்று, முள்ளியும் முல்லியும் ஒன்று. அங்குள்ள பழங்குடிகளான காணிக்காரர்களிடம் கேட்டுத் தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பெயர் வரும்.