உடைந்த குரோம் அலங்காரத்தை நாமே இரண்டாம் முறை உடைக்காமல் இருக்க

என் பழைய மாரிஸ் மைனர் காரின் பானெட் அலங்காரத்தில் முதலில் விழுந்தது ஒரே ஒரு விரிசல்தான். அதைச் சரி செய்யக் கொண்டுபோன பிறகுதான் மூன்று துண்டும் ஒரு சொட்டும் ஆனது. குன்னூரில் இரும்பு கேட் வேலையில் பெயர் வாங்கிய ஒரு வெல்டரிடம் "இதைக் கொஞ்சம் பற்றவைச்சுக் குடுங்கண்ணா" என்று நீட்டினேன். காஸ் சுடரைக் காட்டிய சில நொடிகளில், சிவக்கக்கூட இல்லை, முனை அப்படியே சரிந்து மேசையில் சொட்டியது. "என்ன தம்பி, மெழுகையா கொண்டுவந்தீங்க?" என்றார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது.

பழைய கார்களின் பெயர்ப்பட்டை, கைப்பிடி, விளக்கு வளையம், பானெட் அலங்காரம் போன்ற வார்ப்புப் பொருள்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவை. அதில் அலுமினியம் ஏறக்குறைய 4 சதவீதம் இருக்கும், உருகுநிலை சுமார் 380 டிகிரி. 1929-இல் நியூஜெர்சி சிங்க் நிறுவனம் உருவாக்கிய இந்த வகைக்கு அமெரிக்காவில் ஸமாக் என்று பெயர், இங்கிலாந்தில் மசாக். இரும்பைப் போல நிறம் மாறி எச்சரிக்காது, இருந்தாற்போல் இருந்து ஒழுகிவிடும். மேலும் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைக்கலாமே என்று யாராவது சொன்னால், அதற்கு வேண்டிய சூடு இந்த உலோகம் தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

எனவே முதலில் என்ன உலோகம் என்று பாருங்கள். பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் அரத்தால் ஒரு கீறு. மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் நிறமும் நல்ல கனமும் என்றால் துத்தநாகம், கனமே இல்லையென்றால் அலுமினியம். இங்கேயும் ஒரு ஏமாற்று உண்டு: குரோமுக்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு இருக்கும். லேசாகக் கீறினால் செம்பு தெரிந்து "ஆஹா, பித்தளை" என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கீறுங்கள்.

பாதி உடைப்பு கழற்றும்போதுதான் நடக்கிறது. பின்னால் இருக்கும் மரைக்குச்சிகள் துத்தநாகம், அதில் மாட்டியிருப்பது துருப்பிடித்த இரும்பு நட்டு, அதுவும் நம் மலை ஈரத்தில் நாற்பது ஐம்பது வருஷம் ஊறியது. ஸ்பானர் போட்டுத் திருகினால் நட்டு வராது, குச்சியே வந்துவிடும். இரண்டு மூன்று நாள் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அப்புறமும் அசையவில்லையா, நட்டையே சிறிய ரம்பத்தால் அறுத்து எடுங்கள், நட்டு கடையில் கிடைக்கும். குச்சி முறிந்துபோனால் துளையிட்டு மரை வெட்டி வேறு குச்சி போடலாம், ஆனால் துளை முகப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. டிரில் பிட்டில் ஆழத்தைக் குறித்து டேப் சுற்றிக்கொண்டு கையால் மெதுவாகத் திருப்புங்கள்.

உடைந்த வாயை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அந்தச் சொரசொரப்புதான் இரண்டு துண்டையும் சரியான இடத்தில் உட்கார வைக்கும். அசிட்டோனால் துடைத்தால் போதும். ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் துளையிட்டு உள்ளே ஊசி வையுங்கள், சைக்கிள் ஸ்போக் கம்பியே போதும், 2 மில்லிமீட்டர், கச்சிதமாக இருக்கும். பசைக்கு மெதுவாக இறுகும் அரால்டைட் மாதிரி எபாக்ஸி. ஐந்து நிமிஷத்தில் காய்வது வேண்டாம், அது அவசரத்துக்கு ஒட்டும், காட் ரோட்டின் குலுக்கலுக்குத் தாங்காது.

ஊட்டியிலும் குன்னூரிலும் பலர் கோட்டை விடுவது இந்தப் பசை விஷயத்தில். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் சமவெளியின் சூட்டுக்கானது. ஜனவரி ராத்திரி உறைபனி விழும் ஊரில், 10 டிகிரிக்குக் கீழே எபாக்ஸி இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும், காலையில் எடுத்தால் அல்வா மாதிரி இருக்கும். நான் ஒரு அட்டைப்பெட்டியில் 40 வாட் பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அட்டையில் படாமல், ஒட்டிய பொருளைத் தள்ளி வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டேன். வீட்டில் "கோழிக்குஞ்சு பொரிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள், பரவாயில்லை.

மறுபடி குரோம் ஏற்றும் எண்ணம் இருந்தால் எபாக்ஸியைத் தொடாதீர்கள். அதில் மின்சாரம் பாயாது, முலாம் பிடிக்காது. அந்த வேலைக்கு வழி வேறு: பழைய முலாமை நீக்கி, செம்பு ஏற்றி, அந்தச் செம்பின் மேல் சுமார் 190 டிகிரியில் உருகும் ஈய சால்டரால் குழிகளை நிரப்பித் தேய்த்து, மறுபடி செம்பு, நிக்கல், குரோம். இதற்குக் கோவைக்கு இறங்கினால், "துத்தநாகத்தில் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்காமல் பொருளைக் கொடுக்காதீர்கள். இரும்புக்குப் போடும் ஆசிட் தொட்டியில் இதை மறந்து விட்டால் குழிகள் பள்ளங்களாகித்தான் வெளியே வரும்.

வார்ப்பு முழுவதும் வறண்ட குளம் மாதிரி வெடித்திருந்தால் ஒட்டுவது வீண். பழைய கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உள்ளேயே அரித்திருக்கும். பித்தளையில் நகல் வார்க்கலாம், ஆனால் ஆறும்போது ஒன்றரை சதவீதம் போலச் சுருங்கும். 300 மில்லிமீட்டர் பட்டை 4, 5 மில்லிமீட்டர் குறைந்து வந்து, பானெட் துளைகளோடு சேராது. அச்சையே அந்த அளவு பெரிதாக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியில் மாட்டும்போது ட்யூப் ரப்பரை வெட்டி அடியில் வைத்து, நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் திருகுங்கள். நான் மேட்டுப்பாளையம் ஒருமுறை இறங்கி ஏறிய பிறகு பானெட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தேன், இரண்டில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது.