ஈஸ்டின் உணவுச் சமிக்ஞைகளை ஆராய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டிடமிருந்து குளுக்கோஸை எடுத்துவிட்டால், நெருக்கடிக்கால மரபணுக்களை இயக்கும் எம்எஸ்என்2 புரதம் ஓரிரு நிமிடங்களில் செல்லின் உட்கருவுக்குள் புகுந்துவிடும். பசித்திருந்த செல்லுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால், செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி ஒன்றிரண்டு நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். இத்தனை வேகமான உயிரியைப் பத்து நிமிடம் சாவகாசமாக அறுவடை செய்தால் (செல்களைச் சேகரித்தால்), கடைசியில் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரிவது பெரும்பாலும் அறுவடையின் விளைவுதான்.

இதில் அதிகம் ஏமாற்றுவது ஸ்னிஃப்1 கைனேஸ் (கைனேஸ் என்பது பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி). குளுக்கோஸ் குறையும்போது இதன் 210ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடியில் படியவைத்தாலே போதும், 2% குளுக்கோஸில் வளர்ந்த செல்லிலும் அந்த பாஸ்பேட் ஏறிவிடும். கட்டுப்பாட்டு மாதிரியும் (ஒப்பிடுவதற்காகப் பட்டினி போடாமல் வைத்தது) பட்டினி மாதிரியும் ஒரே மாதிரி தெரிவதைப் பார்த்து 'வேறுபாடு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். பனிக்கட்டி நீரில் கழுவுவதும் உதவாது. குளிரும் சவ்வூடு அழுத்த மாற்றமும் தனித்தனி அதிர்ச்சிகள்.

சரியான வழி, வளர்ப்புக் குடுவையிலேயே செல்லை நிறுத்திவிடுவது. 10 மி.லி. வளர்ப்புக்கு 100% ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சுமார் 0.64 மி.லி. சேர்த்தால் இறுதி அடர்த்தி 6% வரும். பனிக்கட்டியில் 10 நிமிடம் வைத்து, அதன்பிறகு சுற்றலாம். படிவை அசிட்டோனால் இருமுறை கழுவ வேண்டும். அமிலம் மிஞ்சினால் மாதிரிக் கரைசலின் நீலம் மஞ்சளாகும். நீலம் திரும்பும்வரை டிரிஸ் காரத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். இன்னொன்று: ஸ்னிஃப்1 புரதத்திலேயே 13 ஹிஸ்டிடின்கள் வரிசையாக இருக்கின்றன. அதனால், புரதங்களை அடையாளம் காண ஒட்டும் ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடி அதையும் பிடிக்கும். மொத்த ஸ்னிஃப்1 அளவை அளக்க இது வசதி. வேறொரு புரதத்துக்கு அந்த வாலைப் பொருத்தியவருக்கோ 72 கிலோடால்டன் அருகே தெரியும் பட்டை தலைவலி.

ஊடகம் மாற்றுவதற்கு வடிகட்டிச் சவ்வே நல்லது; அரை நிமிடத்தில் வேலை முடியும். புதிய ஊடகம் முன்கூட்டியே 30 டிகிரியில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் செல்களையும் அதேபோல் வடிகட்டி, அதே 2% குளுக்கோஸ் ஊடகத்தில் திரும்ப விடுங்கள். தொடாமல் விட்ட குடுவை கட்டுப்பாடு ஆகாது.

நைட்ரஜன் பட்டினியில் தவறு பெரும்பாலும் தராசிலேயே தொடங்குகிறது. ஈஸ்ட் ஊடகத்துக்கு அடிப்படையான ஒய்என்பி தூள் இரண்டு வகை: அம்மோனியம் சல்பேட் என்ற நைட்ரஜன் மூலம் கலந்தது லிட்டருக்கு 6.7 கிராம், கலக்காதது 1.7 கிராம். முதல் வகையை எடுத்துவிட்டால் பட்டினியே இல்லை. இரண்டாவதை 6.7 கிராம் போட்டால் உப்பும் வைட்டமினும் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும்.

அடுத்தது செல்வகை, அதாவது எந்த ஈஸ்ட் ரகம் என்பது. பிஒய்4741 என்ற ஆய்வக வகைக்கு ஹிஸ்டிடின், லூசின், மெத்தியோனின், யுராசில் நான்கும் வெளியிலிருந்து வேண்டும். இவற்றைக் கொடுத்தால் அவையே நைட்ரஜன் ஆகும். கொடுக்காவிட்டால் நைட்ரஜனோடு லூசின் பட்டினியும் சேர்ந்துகொள்ளும். இந்தக் குழப்பத்துக்கு ஒரே நேர்மையான தீர்வு, எல்லாவற்றையும் தானே தயாரித்துக்கொள்ளும் செல்வகையில் சோதனையைச் செய்வது.

ராபமைசின் என்ற மருந்தை நைட்ரஜன் பட்டினிக்கு மாற்றாகவே பலர் நினைக்கிறார்கள். அது செல்லிலுள்ள எஃப்பிஆர்1 புரதத்தோடு சேர்ந்து, உணவு இருந்தால் வளர்ச்சியைத் தூண்டும் டார்க்1 என்ற புரதத் தொகுதியை மட்டும் தடுக்கிறது. அதன் உறவான டார்க்2 தொகுதி மருந்துக்கு நேரடியாக மசியாது. உள்ளேயும் வெளியேயும் அமினோ அமிலம் நிறைந்திருக்க, பசி என்ற செய்தி மட்டும் செல்லுக்குப் போகிறது. உண்மையான பட்டினியில் அமினோ அமிலங்களே தீர்கின்றன. இரண்டையும் தனித்தனியாகச் செய்து ஒப்பிடுங்கள். மி.லி.க்கு 200 நானோகிராம் வழக்கமான அளவு, அதாவது 1 மி.கி./மி.லி. கரைசலில் 0.2 மைக்ரோலிட்டர். கட்டுப்பாட்டிலும் அதே கரைப்பான் அதே அளவு சேர வேண்டும். டிரிப்டோஃபான் தயாரிக்க முடியாத செல்வகைகள் இம்மருந்தால் அளவுக்கு மீறிப் பாதிக்கப்படும். காரணம், டிரிப்டோஃபானை உள்ளே கொண்டுவரும் டாட்2 புரதம் அழிந்துபோவது.

இரவு முழுக்க வளர்ந்து நிறைந்த குடுவையிலிருந்து நேரே சோதனை தொடங்காதீர்கள். அதில் குளுக்கோஸ் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். ஓடி600 அளவை (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.1-க்கு நீர்த்து, 0.5 முதல் 0.8 வரை வளரவிட்டு எடுங்கள்.

கேல்1 முன்னியக்கியால் (கேலக்டோஸில் மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) ஒரு புரதத்தை மிகையாக்கி, அதன் வழியாகக் குளுக்கோஸ் சமிக்ஞையைப் பற்றி முடிவு சொல்வது தர்க்கப் பிழை. அந்த முன்னியக்கியை இயக்கக் குளுக்கோஸை நீக்கிக் கேலக்டோஸ் கொடுத்தாக வேண்டும். ஸ்னிஃப்1 அப்போதே விழித்துவிடுகிறது. எஸ்ட்ரடயோல் ஹார்மோனால் மரபணுவை இயக்கும் அமைப்பில் சர்க்கரையைத் தொடவே வேண்டாம்.

எம்எஸ்என்2 உட்கருவுக்குள் போனதை மட்டும் பார்த்து 'பிகேஏ (சைக்ளிக் ஏஎம்பியால் இயங்கும் கைனேஸ்) அணைந்தது' என்று எழுதுவதும் இதே ரகம். டார்க்1 தடைபட்டாலும், வெப்பமோ உப்போ தாக்கினாலும் அது உள்ளே போகும். பிகேஏ பற்றிச் சொல்ல வேண்டுமானால், அதன் மூன்று டிபிகே கைனேஸ்களையும் மருந்தால் தடுக்கத்தக்கவையாக மாற்றிய செல்லில், குளுக்கோஸ் இருக்கும்போதே அவற்றை நிறுத்திப் பாருங்கள்.