ஏர் ரைஃபிளில் பின் சைட் ஆடுகிறதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பின் சைட், அதாவது குறி பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பாகம், லேசாகத்தானே ஆடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே 45 செ.மீ. இடைவெளி உள்ள ரைஃபிளில், பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தாலே 10 மீட்டர் தூரத்தில் பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் குட்டிக் குண்டு) 2 மி.மீ.க்கு மேல் தள்ளி விழும். 10 மீட்டர் ரைஃபிள் போட்டி டார்கெட்டில் ஒரு வளையத்தின் அகலமே 2.5 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் ஏறக்குறைய ஒரு புள்ளியைத் தின்றுவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் பேரலை மடக்கி காக் செய்யும் (உள்ளே ஸ்பிரிங்கை அழுத்தி சுடத் தயாராக்கும்) 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு. தோட்டா போடும் துப்பாக்கி என்றால் வீட்டில் கை வைக்காமல் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்துவிடுங்கள்.

பலரும் ஆடுவது எது என்று பார்க்காமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் நின்றதும் முன்னால் இழுக்கும். இப்படி இரண்டு பக்கமும் குலுங்குவதில் எந்த ஸ்க்ரூவும் தளரலாம். ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) ஸ்க்ரூவோ, பேரல் மடங்கும் இடத்துப் போல்ட்டோ, முன் சைட்டோ லூஸானாலும் குறி இதே மாதிரிதான் சிதறும். உள்ளே பெல்லட் இல்லை, காக் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள். பின் சைட்டேதான் என்றால், அடிப்பாகம் ஆடுகிறதா, ஏற்றி இறக்கும் மேல் தகடு ஆடுகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேல் தகடு ஆடினால் அதன் அடியில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், காணாமலே போயிருக்கலாம். அடி ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் அது சரியாகாது.

கழற்றுவதற்கு முன்னால், பின் சைட் இருக்கும் இடத்தை பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுக் கழற்றினால், சைட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் மிளகைவிடச் சின்ன குண்டும் தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர். வீட்டில் இருப்பது பெரும்பாலும் நுனி சரிந்து மெலிந்தது. அழுத்தித் திருகினால் காடியிலிருந்து வழுக்கி மேலேறி, ஸ்க்ரூ தலையைக் கடித்துவிடும், பேரலிலும் கீறல் போடும். காடியின் அகலத்தையும் தடிமனையும் நிரப்புகிற பிட் தேவை. பழைய ஸ்க்ரூ தேய்ந்துவிட்டதென்று கைக்குக் கிடைத்த நீள ஸ்க்ரூவைப் போடுவதும் ஆபத்துதான். நுனி அடியில் முட்டி நின்றுவிடும். முறுக்கிய கைக்கு இறுகிய மாதிரி இருக்கும், சைட் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஃபெவிக்விக், எம்-சீல் பக்கமே போகாதீர்கள். சூப்பர் க்ளூ அதிர்ச்சியில் வெடித்து விட்டுவிடும். அதன் ஆவி பட்டு சுற்றியுள்ள இரும்பில் வெள்ளைப் படலம் வேறு படியும். எம்-சீல் போட்டால் பிறகு சைட்டைத் திருத்தவே முடியாது. சரியான பொருள் லாக்டைட் 243 மாதிரியான நீல நிற த்ரெட்லாக்கர், அதாவது ஸ்க்ரூ மரை தளராமல் பிடிக்கும் திரவம். மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு விட்டு, 24 மணி நேரம் விடுங்கள். சிவப்பு வகை கூடாது. அதைக் கழற்ற 250 டிகிரி வரை சூடாக்க வேண்டும், பக்கத்திலேயே பெல்லட் போடும் பேரல் பின்வாயின் ரப்பர் சீல் இருக்கிறது. சைட் பிளாஸ்டிக் என்றால் நீல வகையும் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் அது பட்டு விரிசல் விடும். அங்கே அளவாக இறுக்கி, அவ்வப்போது சரிபார்ப்பதே போதும்.

முடித்ததும் ‘உட்கார்ந்ததா’ என்று பார்க்க பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். எதிரே காற்றுத் தடை இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் மோதும். பெல்லட் போட்டு, பெல்லட்டைத் தடுத்து நிறுத்தும் பாதுகாப்பான பேக்ஸ்டாப்பில் ஐந்து சுட்டு, ஐந்தும் கூடி விழுந்த இடத்தை வைத்துத் திருத்துங்கள். குறி எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, பின் சைட்டையும் அதே பக்கம் நகர்த்த வேண்டும்.