மெகா டிரைவ் விளையாட்டில் திரை வெட்டி வெட்டி ஓடியதற்கு விடை: 50 ஹெர்ட்ஸ்

செகாவின் பழைய கன்சோலான மெகா டிரைவின் விளையாட்டை ஸ்டீம் டெக் என்ற கைக்கணினியில் ஓட்டினேன்: ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் செயலி, அதற்குள் மெகா டிரைவைப் போல நடந்துகொள்ளும் ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோர். பக்கவாட்டில் ஓடும்போது பின்னணி விட்டு விட்டு நகர்ந்தது. சத்தம் சுத்தம். கொழும்பு பம்பலப்பிட்டியில் புது மைக்ரோ எஸ்டி கார்ட் வாங்கிப் போட்டேன், படத்துக்கு மெருகூட்டும் ஷேடரை நிறுத்தினேன், விசிங்க், திரெடட் வீடியோ என்ற வீடியோ அமைப்புகளையும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

கவனிக்க வேண்டியது வெட்டின் தாளம். எமுலேட்டர் திணறினால் வெட்டு தாறுமாறாக வரும், சத்தமும் கரகரக்கும். இதுவோ ஒரே சீராக, நொடிக்குப் பத்துத் தடவை. ஃபிரேம்ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) திரையில் காட்டச் சொன்னதும் 60க்குப் பதில் 50க்குக் கிட்ட நின்றது. இலங்கை டிவி பிஏஎல் முறை, அதாவது 50 ஹெர்ட்ஸ். இங்கே கிடைக்கும் பழைய கார்ட்ரிட்ஜ்களில் ஐரோப்பியப் பதிப்பும் உண்டு. அதிலிருந்து எடுத்த ரோமின் (விளையாட்டுக் கோப்பின்) உள்தலைப்பில், அதாவது ஹெடரில், ஐரோப்பாவைக் குறிக்கும் ‘ஈ’ (E) மட்டும் இருந்தால் கோர் தானாக 50 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமையும் இரண்டு முறை காட்டும். அதுதான் அந்த வெட்டு.

குயிக் மெனு, கோர் ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரீஜன்: ‘ஆட்டோ’வை ‘என்டிஎஸ்சி-யு’ (60 ஹெர்ட்ஸ் அமெரிக்க முறை) ஆக்கி, விளையாட்டை மூடித் திறந்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பாடா!

அமைப்பை அந்த விளையாட்டுக்கு மட்டும் சேமியுங்கள். பிஏஎலுக்கென்றே வேகம் திருத்திய விளையாட்டுகள் இப்படிச் செய்தால் 1.2 மடங்கு வேகத்தில் பறக்கும், குதிக்கும் நேரமே பிசகும். அவற்றுக்கு ரீஜனைத் தொடாமல், டெக்கின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் திரையை 50 ஹெர்ட்ஸாக்குவதே சரி. எல்சிடி மாடல் 40 முதல் 60 வரை தாங்கும்.