எந்தச் சதை என்று முதலில் கேளுங்கள்: காது, மூக்கு, தொண்டை ஆபரேஷனில் வீட்டார் செய்யும் தவறுகள்

“மூக்குல சதை வளர்ந்திருக்காம், ஆபரேஷன் பண்ணணுமாம்.” இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர், வெளியூர் மாமா என்று எல்லோரிடமும் யோசனை கேட்கிறோம். அவரவர் தமக்குத் தெரிந்த சதையை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். ஒருவர் “பண்ணினாலும் திரும்ப வளரும்” என்பார். இன்னொருவர் “வயசானா தானா சுருங்கிடும்” என்பார். இரண்டுமே உண்மைதான், ஆனால் வெவ்வேறு சதைக்கு.

நாம் சதை என்று சொல்வது குறைந்தது நான்கு விஷயங்களை. தொண்டையின் இரு பக்கமும் உருண்டையாக இருப்பது டான்சில். வாயைத் திறந்தாலே தெரியும். (இதைச் சிலர் உள்நாக்கு என்பார்கள். உள்நாக்கு நடுவில் தொங்குகிற வேறு சமாச்சாரம்.) மூக்கு முடிந்து தொண்டை தொடங்கும் இடத்தில் மறைந்திருப்பது அடினாய்டு. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரேயோ எண்டோஸ்கோப்பியோ வேண்டும். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குவதற்கும், குறட்டைக்கும், சில சமயம் காது மந்தத்துக்கும் காரணம் இதுவாக இருக்கலாம். தானாகச் சுருங்குவதும் இதுதான். மூன்றாவது டர்பினேட். பிறக்கும்போதே எல்லோர் மூக்கிலும் இருப்பது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. ஒவ்வாமையால் வீங்கினால் அடைப்பு. நான்காவது பாலிப். மூக்கின் உள்சவ்வு வீங்கித் தொங்குவது, தோலுரித்த திராட்சை போல வெளிறியிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்ப வரக்கூடியது இது.

இதில் குழப்பம் வந்தால் முடிவும் தப்பாகத்தான் போகும். வீங்கிய டர்பினேட்டைப் பார்த்து “எல்லாத்தையும் எடுத்துடுங்க” என்பவர்கள் உண்டு. அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், மூக்கு விசாலமாகத் திறந்திருந்தும் மூச்சு முட்டுவது போலவே இருக்கும், உள்ளே காய்ந்து பொருக்கு கட்டும். பாலிப் நோயாளிகள் செய்யும் தவறு வேறு மாதிரி. ஆபரேஷன் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று ஸ்ப்ரேயை நிறுத்திவிடுவார்கள். ஆபரேஷனின் ஒரு முக்கிய நோக்கமே அந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே சைனஸ் (மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்று அறைகள்) உள்ளே போய்ச் சேர வழி திறப்பதுதான். ஒரே ஒரு பக்கம் மட்டும் சதை, ஒரு பக்கம் மட்டும் ரத்தம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். அது சாதாரண பாலிப்பாக இல்லாமலும் இருக்கலாம், எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “லேசரா டாக்டர்?” கத்தியில்லாமல் செய்வதற்கெல்லாம் நம் ஊரில் லேசர் என்று பெயர். டான்சிலுக்கு இன்று பெரிதும் பேசப்படும் கோப்லேஷனில் லேசர் கிடையாது. உப்புநீரில் ரேடியோ அலை மின்சாரத்தைச் செலுத்தி, 40 முதல் 70 டிகிரி சூட்டில் திசுவைக் கரைக்கும் முறை அது. மூக்கில் பயன்படும் மைக்ரோடிபிரைடரும் லேசர் இல்லை; சுழலும் சின்னக் கத்தியும் உறிஞ்சுகுழாயும் சேர்ந்த கருவி. புதுக் கருவி என்றால் நிச்சயம் மேலானது என்ற நினைப்பும் சரியில்லை. 2003–04ல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் டான்சில் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தபோது, சூட்டையோ மின்சாரத்தையோ பயன்படுத்திய முறைகளைவிடப் பழைய கத்தி முறையில்தான் பின்னால் ரத்தம் கசிவது குறைவாக இருந்தது. அதனால் கோப்லேஷன் கூடாது என்று அர்த்தமில்லை. கருவியின் பெயரை விட்டுவிட்டு, “இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு ரத்தம் வந்தது?” என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால், டான்சிலை எடுக்கத்தான் வேண்டுமா? மருத்துவர்கள் பரவலாகப் பார்க்கும் கணக்கு இது: ஒரே வருடத்தில் 7 முறை தொண்டை நோய், அல்லது 2 வருடம் வருடத்துக்கு 5 முறை, அல்லது 3 வருடம் வருடத்துக்கு 3 முறை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது தனிக் காரணம். “அடிக்கடி வருது” என்று பொதுவாகச் சொன்னால் டாக்டரால் ஒன்றும் கணிக்க முடியாது. தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அது பத்து வாக்கியத்துக்குச் சமம்.

ஆபரேஷன் அன்று காலை நடக்கும் தவறு பெரும்பாலும் பாசத்தால் வருவது. பசியில் அழுகிறதே என்று பாட்டி இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவார், திட்டுவார்கள் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மயக்கத்தில் அந்த உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்துக்கு எவ்வளவு முன்பே நிறுத்த வேண்டும் என்றால், திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவமனை சொல்வதையே பின்பற்றுங்கள். கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஆடும் பல் இருந்தால் அதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது, மறைக்கவும் கூடாது.

டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துச் சீழ் என்று பயப்படுவார்கள். அது புண் ஆறும்போது மேலே படியும் படலம், சுரண்டக் கூடாது. காது வலிக்கிறது என்று குழந்தை அழும். காதில் ஒன்றுமில்லை, தொண்டைக்கும் காதுக்கும் பொதுவாக ஒரு நரம்பு ஓடுகிறது, அதனால் வலி அங்கே தெரிகிறது. இதற்குக் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். வலிக்குப் பயந்து சாப்பிடாமல் விட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் ஏறும். மருந்து கொடுத்து அரைமணி கழித்து ஊட்டினால் இறங்கும். ஐஸ்கிரீம் தாராளமாகக் கொடுக்கலாம், “சளி பிடிக்கும்” என்று சண்டை போட வேண்டாம். ஆனால் வீட்டில் மிச்சமிருக்கும் இருமல் மருந்து வேண்டாம். கோடீன் (சில இருமல், வலி மருந்துகளில் சேர்ப்பது) கலந்தது என்றால் அது உடம்பில் மார்ஃபினாக மாறும், சில குழந்தைகளில் வேகமாக மாறி மூச்சையே அடக்கிவிடும். டான்சில் ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013லேயே எச்சரித்தது.

ரத்தக்கசிவு முதல் நாளோடு முடிந்துவிடுகிற விஷயம் இல்லை. 5 முதல் 10 நாளுக்குள் படலம் உதிரும்போது மறுபடி வரலாம். சரியாக அந்த நேரத்தில்தான் “இப்போ நல்லா இருக்கானே” என்று ஊர்க் கல்யாணத்துக்குப் பஸ் ஏறுவார்கள். இரண்டு வாரம் மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள். தூக்கத்தில் குழந்தை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டுத் தொண்டையைப் பாருங்கள். சிவப்பாக ரத்தம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சைனஸ் ஆபரேஷனில் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது, மேலே மூளை. அதனால்தான் முதலில் சிடி ஸ்கேன் கேட்கிறார்கள், “எதுக்கு வீண் செலவு” என்று தவிர்க்காதீர்கள். முடிந்த பிறகு கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, குனியும்போது ஒரு மூக்கில் தண்ணீராகக் கொட்டினாலோ உடனே போக வேண்டும். உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். அதற்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டும். 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார்கள். வாரக்கணக்கில் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து விடுவதும் தவறு, அதுவே அடைப்பை உண்டாக்கும்.

செவிப்பறை ஓட்டையை அடைத்த பிறகு “முன்னைவிடக் கேட்கலையே” என்பார்கள். உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருள் கரைய வாரக்கணக்காகும். அதுவரை தலைக்குக் குளிக்கும்போது காதில் தண்ணீர் போகக் கூடாது, தும்மலை அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்முங்கள்.

கடைசியாகக் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது காது கேளாத குழந்தைக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது. ஆனால் “மாமாவும் நாலு வயசுலதான் பேசினார்” என்று காத்திருந்தே பல குடும்பங்கள் பொன்னான வருடங்களைத் தொலைக்கின்றன. தையல் ஆறிச் சில வாரங்களுக்குப் பிறகு கருவியை இயக்கும் அன்று குழந்தை “அம்மா” என்று திரும்பும் என எதிர்பார்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் மிரண்டு அழும். மூன்று வயதுப் பிள்ளையானாலும் காதுக்கு அன்றுதான் பிறந்தநாள். அதன் பிறகு குறைந்தது ஒரு வருடம் பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் போக வேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். பயிற்சி மையம் உங்கள் ஊரிலிருந்து எத்தனை பஸ் மாறிப் போகும் தூரம், யார் கூட்டிப் போவது என்பதை ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.